மான்ட்கோமரி: முன்வாசலும் பின்கட்டும்

புதன்கிழமை

அலபாமாவின் தலைநகரத்தைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அட்லாண்டாவில் இருக்கிற நம் ஆட்கள் கேட்டது ஒன்றுதான்: "அங்கே என்ன இருக்கு?" ராக்கெட் பார்க்க ஹன்ட்ஸ்வில் போவார்கள், கடலில் குளிக்க கல்ஃப் ஷோர்ஸ் போவார்கள். மான்ட்கோமரி அவர்களுக்கு, புளோரிடா கடற்கரைக்குப் போகிற வழியில் பெட்ரோல் போடுகிற ஊர். கார் ஓட்டச் சம்மதித்த அக்கா மகனும், "மாமா, மியூசியம்தான் பார்க்கணும்னா வாஷிங்டன் போயிடலாமே" என்று கடைசிவரை சொல்லிப் பார்த்தான்.

நான் கேட்கவில்லை. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் பஞ்சு லிவர்பூலுக்குப் போக வழியில்லாமல் நின்றபோது, இந்தியப் பஞ்சுக்கு வந்த விலையில் எங்கள் சீமைப் பஞ்சுக்கும் பங்கு இருந்தது. 'டின்னவெலி' (திருநெல்வேலி) என்ற பெயரிலேயே அந்தச் சந்தையில் அது விற்றது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. அந்தப் போரில் இறங்கிய தெற்கு அரசு முதன்முதலில் உட்கார்ந்த ஊர் மான்ட்கோமரி. அப்புறம், பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸின் ஊர். மார்ட்டின் லூதர் கிங் இருபத்தைந்து வயதில் பாதிரியாராக வந்து சேர்ந்த ஊர். இரண்டு லட்சம் பேர் இருக்கிற ஊரில் இத்தனையும் நடந்திருக்கிறது.

மார்ச் கடைசி என்பதால் பைன் மரங்கள் பூந்தாதைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. காரின் மேல் யாரோ மஞ்சள்தூளைச் சலித்துவிட்டுப் போனதுபோல் ஒரு படலம். அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர், ஒரே நெடுஞ்சாலை. ஜார்ஜியா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது.

வழியில் டஸ்கீகியில் இறங்கினோம். அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் தொடங்கிய கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகம். வளாகத்தின் விளிம்பில் அவர் குடியிருந்த 'தி ஓக்ஸ்' என்ற செங்கல் வீடு. வெளியே நின்றுதான் பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டின் செங்கல்லை மாணவர்களே அறுத்துச் சுட்டிருக்கிறார்கள், வீட்டையும் அவர்களே கட்டியிருக்கிறார்கள். வரைபடம் போட்டவர் ராபர்ட் டெய்லர், எம்.ஐ.டி.யில் படித்து முடித்த முதல் கறுப்பினத்தவர். 1899இல் இப்படி ஒரு வீட்டைச் சாலையோரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டியது சும்மா அழகுக்காக இருக்காது.

பக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் அருங்காட்சியகம். நிலக்கடலை விஞ்ஞானி என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்தான். எனக்கு அவருடைய கடலையைவிட வண்டிதான் பிடித்தது. 1906இல் ஒரு குதிரை வண்டியில் கலப்பை, விதை, பால் கருவிகளை ஏற்றி, விவசாயிகள் இருக்கிற இடத்துக்கே பாடத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள். பருத்தி போட்டுப் போட்டுச் சத்திழந்த மண்ணில் கடலையும் தட்டைப்பயறும் மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறார். எங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இரவு மான்ட்கோமரி. ஊருக்குத் தெற்கே ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது, 2005 முதல் கார் வெளிவருகிறது. "நம்ம ஸ்ரீபெரும்புதூருக்குத் தம்பி மாமா இது" என்றான் அக்கா மகன். அங்கே 1998இலேயே உற்பத்தி தொடங்கிவிட்டதே, அந்தக் கணக்கு.

வியாழக்கிழமை

டெக்ஸ்டர் அவென்யூ என்ற ஒரே தெருவில் நடந்தால் ஊரின் பாதிச் சரித்திரம் முடிந்துவிடுகிறது. கீழ்முனையில் 1885இல் வைத்த நீரூற்றுடன் கோர்ட் ஸ்கொயர். அந்தச் சதுக்கத்தைச் சுற்றித்தான் மனிதர்களை ஏலம் போட்டார்கள். ஆற்றுத்துறையில் நீராவிப் படகிலிருந்து இறக்கி, காமர்ஸ் தெரு வழியாக நடத்திக்கொண்டு வருவார்கள். சதுக்கத்தை ஒட்டி நிற்கும் வின்டர் கட்டடத்திலிருந்துதான் 1861 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் முதல் தாக்குதலாக, சம்டர் கோட்டையைத் தாக்க அனுமதி கொடுத்த தந்தி போனது. ரோசா பார்க்ஸ் கைதான அன்று மாலை பேருந்து ஏறியதும் இங்கேதான். 2019இல் வைத்த அவருடைய சிலை, மேடை எதுவும் இல்லாமல் நம்மோடு தரையில் நிற்கிறது.

மேல்முனையில் மாநிலத் தலைமைச் சபைக் கட்டடம். ஆடு மேய்ந்த மேடு என்பதால் 'ஆட்டுக் குன்று' என்று பெயர். முகப்பு மண்டபத்தில் தரையில் ஒரு பித்தளை நட்சத்திரம். 1861 பிப்ரவரி 18 அன்று ஜெபர்சன் டேவிஸ் தெற்குக் கூட்டமைப்பின் தலைவராகப் பதவியேற்ற இடம். 102 வருடம் கழித்து, 1963 ஜனவரியில், ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதே இடத்தைத் தேடி வந்து நின்று, இனப் பிரிவினை என்றென்றும் இருக்கும் என்று முழங்கினார். 1965 மார்ச் 25 அன்று, வாக்குரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இதே கட்டடத்தின் முன் வந்து சேர்ந்தார்கள். கிங் பேசினார். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போக விடவில்லை, கீழே தெருவில் போட்ட மேடையிலிருந்து பேசினார். மேலே நின்று பார்த்தால் அந்தத் தெரு, அதில் ஒரு தெருக்கூறு தள்ளிக் கிங்கின் செங்கல் தேவாலயம், எல்லாம் ஒரே பார்வையில் விழுகின்றன. எதிரிகள் என்றால் ஏதோ தூரத்தில் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே கூப்பிடுகிற தூரம்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுழன்று ஏறும் படிக்கட்டுகள். நடுவில் தாங்குகிற தூண் கிடையாது. ஹோரஸ் கிங் என்ற பாலம் கட்டும் வல்லுநரின் வேலை என்று சொல்கிறார்கள். அடிமையாகப் பிறந்து, 1846இல் விடுதலை பெற்றவர். போர் முடிந்தபின் அவரே அலபாமா சட்டமன்ற உறுப்பினராகி இந்தக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்தார். அடிமைமுறையைக் காப்பாற்ற ஒரு நாட்டையே தொடங்கியவர்கள் ஏறி இறங்கிய படி அது. நான் இரண்டு முறை ஏறி இறங்கினேன். காவலர் பார்த்துச் சிரித்தார்.

வெளியே புல்வெளியில் மருத்துவர் மேரியன் சிம்ஸின் சிலை. 1840களில் இந்த ஊரில் அடிமைப் பெண்களை வைத்து, மயக்க மருந்து இல்லாமல், பிரசவத்தில் ஏற்படும் உட்காயத்துக்கு அறுவைசிகிச்சை செய்து பழகியவர். பெயர் தெரிந்தவர்கள் மூன்று பேர்: அனார்கா, லூசி, பெட்சி. அனார்காவுக்கு மட்டும் முப்பது முறை. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் இருந்த சிம்ஸ் சிலையை 2018இல் எடுத்துவிட்டார்கள், இங்கே நிற்கிறது. ஆனால் ஊருக்குள் மில்ட்ரெட் தெருவில் மிஷேல் பிரவுடர் என்ற கலைஞர் 2021இல் அந்த மூன்று பெண்களுக்கும் ஆளுயரத்தைவிட மிக உயரமாகச் சிலை எழுப்பியிருக்கிறார். பழைய இரும்பு, உலோகத் துண்டுகள், மருத்துவக் கருவிகள் எல்லாம் வைத்துப் பற்றவைத்தது. அழகான சிலைகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிம்ஸின் சிலை முன் ஒரு நிமிடம் நின்றேன், இங்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது.

சபைக் கட்டடத்துக்கு எதிரே, தெருவைக் கடந்தால், தெற்குக் கூட்டமைப்பின் முதல் வெள்ளை மாளிகை. பெயரைக் கேட்டு மாளிகையை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மாடி வெள்ளைப் பலகை வீடு, பச்சைச் சன்னல் கதவுகள், நுழைவுக் கட்டணம் இல்லை. 1830களில் வில்லியம் சேயர் என்பவர் கட்டியது. டேவிஸ் குடும்பம் 1861இல் சில மாதங்கள்தான் இங்கே குடியிருந்தது, மே மாதக் கடைசியில் தலைநகரம் ரிச்மண்டுக்குப் போய்விட்டது. அந்தச் சில மாதக் குடித்தனத்துக்காக இந்த வீட்டை 1921இல் பழைய இடத்திலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டில், மேசை, கண்ணாடி, டேவிஸின் மனைவி வாரினா கொடுத்த சாமான்கள் என்று அறை அறையாக ஒழுங்காக இருக்கிறது. உள்ளே இருந்த பெண்மணி மிகவும் மரியாதையாகச் சுற்றிக் காட்டினார்.

என் கால் தானாகப் பின்பக்கம் போனது. எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் எனக்கு அடுப்பங்கரையைப் பார்க்க வேண்டும். யார் தண்ணீர் எடுத்தார்கள், யார் விறகு வைத்தார்கள் என்பது அங்கேதான் தெரியும். இந்தப் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளில் சமையல்கட்டு தனிக் கட்டடமாக முற்றத்தில் இருந்திருக்கிறது. நெருப்பு பயம், கோடை வெக்கை, வேலை செய்கிறவர்களை முன்வாசலிலிருந்து தள்ளி வைக்கிற எண்ணம், எல்லாம் சேர்ந்துதான். வீட்டைப் பெயர்த்தவர்கள் முன்கட்டைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். 1860 கணக்கெடுப்பில் அலபாமாவின் 9,64,201 பேரில் 4,35,080 பேர் அடிமைகள். கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். அந்த இன்னொருவருக்கு இந்த வீட்டில் எந்த அறை என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

பக்கத்திலேயே மாநில ஆவணக் காப்பகம். 1901இல் தொடங்கியது, அமெரிக்காவிலேயே ஒரு மாநிலம் அமைத்த முதல் ஆவணக் காப்பகம். மேல்தளத்தில் அலபாமா அருங்காட்சியகம், பழங்குடியினர் காலத்திலிருந்து வரிசையாக. இந்த நிறுவனம் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது: எங்கள் வரலாற்றின் பெரும்பகுதியில் கூட்டமைப்பின் பெருமையைச் சேகரிக்கவே உழைத்தோம், கறுப்பின மக்களின் வரலாற்றைச் சேகரிக்கவில்லை என்று தாங்களே எழுதினார்கள். அரசுத் துறை ஒன்று இப்படி எழுதி நான் படித்ததில்லை.

மதியம் ஃபெல்டர் அவென்யூவில் ஃபிட்ஸ்ஜெரால்டு தம்பதியின் வீடு. நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு முதல் உலகப் போர்ச் சமயத்தில் இந்த ஊர்ப் பாசறையில் இருந்தபோது, 1918இல் ஒரு நடன விருந்தில் செல்டா சேயரைச் சந்தித்தார். 1931-32இல் சில மாதம் இந்த வீட்டில் குடும்பமாக இருந்தார்கள். செல்டா தன் ஒரே நாவலில் இறங்கியிருந்த காலமும் அதுதான். வீட்டின் நல்ல பகுதி செல்டா வரைந்த படங்கள். கணவரின் நிழலில் 'கிறுக்குப் பெண்டாட்டி' என்றே பேசப்பட்டவரின் நிறங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. 1948இல் மருத்துவமனைத் தீ விபத்தில் இறந்துபோனார். மாடியை வாடகைக்கு விடுகிறார்கள், ஆசைப்பட்டால் இரவு தங்கலாம்.

இங்கே ஒரு சங்கிலி இருக்கிறது. காலையில் பார்த்த வீட்டைக் கட்டிய வில்லியம் சேயர், செல்டாவின் குடும்பத்து முன்னோர்களில் ஒருவர். செல்டாவின் அப்பா ஆந்தனி சேயர் பின்னாளில் நீதிபதி. அவர் சட்டமன்றத்தில் இருந்தபோது 1893இல் கொண்டுவந்த தேர்தல் சட்டத்துக்கு அவர் பெயரேதான். வாக்குச்சீட்டைக் கட்சிப் பெயரில்லாமல் அமைத்து, எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பினத்தவரையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச்சாவடியிலிருந்து கழற்றிவிட்ட சட்டம். மகள் நடனமாடிய மண்டபங்களின் படங்களைப் பார்க்கும்போது அதையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். எழுபது வருடம் கழித்துச் செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் கேட்டதும் வாக்குரிமையைத்தானே.

வெள்ளிக்கிழமை

இன்று முழுக்கக் கிங் வீட்டுக்கே ஒதுக்கியிருக்கலாம்.

சவுத் ஜாக்சன் தெரு, எண் 309. 1912இல் கட்டிய சிறிய வெள்ளைப் பலகை வீடு, முன்னால் திண்ணை, நாலைந்து படி. டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தின் பாதிரிமார்களுக்கான குடியிருப்பு. கிங் குடும்பம் 1954 முதல் 1960 வரை இங்கே இருந்தது. நம் ஊரில் ஒரு தலைமை ஆசிரியரின் வீடு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான்.

சுற்றிக் காட்டியவர் வயதான அம்மா. எல்லோரையும் "ஹனி" என்றே கூப்பிட்டார். திண்ணையில் ஓர் இடத்தைக் காட்டி, "மிதித்துவிடாதே ஹனி" என்றார். தரையில் ஒரு பள்ளம். 1956 ஜனவரி 30 இரவு குண்டு விழுந்த இடம். கிங் அப்போது நண்பர் ரால்ஃப் அபர்நாதியின் தேவாலயத்தில் நடந்த கூட்டத்தில் இருந்தார். வீட்டுக்குள் மனைவி கொரெட்டா, பிறந்து பத்து வாரமே ஆன யோலண்டா, துணைக்கு வந்த ஒரு பெண். முன்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டதும் அவர்கள் பின்னறைக்கு நகர்ந்ததால் பிழைத்தார்கள். கிங் ஓடி வந்தபோது தெரு முழுக்க ஆட்கள், பலர் கையில் ஆயுதம். இந்தத் திண்ணையில் நின்றுகொண்டுதான், ஆயுதம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று பேசி அனுப்பி வைத்தார். திண்ணையின் அளவைப் பார்த்தால் அதில் பத்துப் பேர் நிற்க முடியாது.

உள்ளே அவர் பயன்படுத்திய மேசை நாற்காலிகள் பல அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டு மேசை, படிப்பறையில் புத்தகங்கள், இசைத்தட்டுப் பெட்டி. கடைசியாகச் சமையலறை. நேற்று தேடிக் கிடைக்காத அறை இங்கே வீட்டின் மையமாக இருக்கிறது. குண்டு விழுவதற்கு மூன்று இரவு முன்னால், நள்ளிரவில் ஒரு கொலை மிரட்டல் தொலைபேசி. தூக்கம் போய், இந்தச் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார் கிங். விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அப்போது இருபத்தேழு வயது நிரம்பிச் சில நாள்தான். சத்தமாக ஜெபம் செய்தார், பயம் விலகியது என்கிறார். நாத்திகனான அக்கா மகன் அந்த மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா எங்கள் ஊர் கேட்டார். கன்னியாகுமரிக்குப் பக்கம் என்றேன் (கோவில்பட்டியை வேறெப்படிச் சொல்ல). கிங்கும் கொரெட்டாவும் 1959இல் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றியபோது மதுரை, காந்திகிராமம், கன்னியாகுமரி எல்லாம் வந்தார்கள். கன்னியாகுமரியில் சூரியன் மறைந்ததையும் நிலவு எழுந்ததையும் பிற்பாடு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பியதும் மார்ச் 22, குருத்தோலை ஞாயிறு அன்று, டெக்ஸ்டர் தேவாலயத்தில் அவர் காந்தியைப் பற்றியே பிரசங்கம் செய்தார். அதே பயணத்தில் கேரளத்துப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியர் தன்னை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்' என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் அதிர்ந்து பிறகு உண்மைதானே என்று ஒப்புக்கொண்டதாகவும் 1965இல் சொன்னார். நம் நாட்டுக்கு வந்தவர் காந்தியை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை.

சமையலறைப் பேச்சு எடுத்தாயிற்று, ஜார்ஜியா கில்மோரைச் சொல்லாமல் விட முடியாது. உணவுக்கூடத்தில் சமையல் வேலை. பார்க்ஸ் கைதானதும் கறுப்பின மக்கள் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு வழக்கில் கிங்குக்காகச் சாட்சி சொன்னதால் வேலை போனது. தன் வீட்டிலேயே சமைத்து விற்கக் கிங் கைகொடுத்தார். அவரும் மற்றப் பெண்களும் கேக், பொரித்த கோழி எல்லாம் செய்து விற்று, அந்தக் காசை வாராவாரம் இயக்கத்துக்குக் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லலாமே என்று, குழுவுக்கு 'எங்கிருந்துமில்லாத சங்கம்' என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்துக்கொண்டார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்களில் வெள்ளையர்களும் உண்டு. டெரிகோட் தெருவில் அவர் வீட்டுக்கு முன் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

அந்தக் காசு எதற்குப் போயிற்று என்பது ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் தெரிந்தது. ட்ராய் பல்கலைக்கழகம் 2000இல் திறந்தது, அவர் கைதான இடத்திலேயே கட்டியது. அந்தக் காலத்துப் பேருந்து ஒன்றின் சன்னல்களில் படம் ஓடுகிறது. உள்ளே நடக்கும் சண்டையைத் தெருவில் நின்று பார்க்கிற மாதிரி நாம் பார்க்கிறோம். அவர் உட்கார்ந்த நிஜப் பேருந்து மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. களைத்துப்போன ஒரு தையல்காரி எழ மறுத்தார், ஊரே கிளர்ந்தது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச்சில், கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயது மாணவி இதையே செய்து கைதானார். பேருந்துப் பிரிவினையைக் கடைசியில் செல்லாததாக்கிய 'பிரவுடர் எதிர் கெய்ல்' வழக்கில் வாதிகளாக இருந்தவர்கள் கோல்வினும் இன்னும் சில பெண்களும். பார்க்ஸ் அந்த வழக்கில் வாதி இல்லை. பார்க்ஸ் கைதான இரவு, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை உருட்டியெடுத்து, விடிந்ததும் ஊர் முழுக்கக் கொடுத்தார்.

பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது 381 நாள். அதை வெறும் உறுதி என்று நினைத்திருந்தேன். பெரிய நிர்வாகம் அது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்க நூற்றுக்கணக்கான கார்கள், ஏறுமிடங்கள், தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்கள். ஊரில் காப்பீட்டை ரத்து செய்ய வைத்தபோது லண்டன் லாய்ட்ஸில் காப்பீடு வாங்கினார்கள். ஸ்டேஷன் வேகன் ஒன்று நடுக்கூடத்தில் நிற்கிறது. நாலு கேக் விற்ற காசு அந்த வண்டியின் பெட்ரோலில் இருந்திருக்கும்.

மதியச் சாப்பாடு ஒரு கறி, மூன்று காய் என்கிற இந்த ஊர்க் கணக்கில். வறுத்த வெண்டைக்காய், தட்டைப்பயறு, கீரை. மூன்றும் வீட்டுச் சாப்பாட்டை ஒட்டி இருந்தன. கீரையில் பன்றி எலும்பு போட்டுத்தான் வேகவைப்பார்கள், சைவர்கள் கேட்டுக்கொள்ளவும். வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு இந்த மண்ணுக்கு வந்தவை.

பழைய கிரேஹவுண்டு பேருந்து நிலையத்தில் இருக்கும் விடுதலைப் பயண அருங்காட்சியகத்தை அவசரமாகத்தான் பார்த்தோம். பேருந்துப் பயணத்தில் இருந்த இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்து, 1961 மே 20 அன்று இங்கே வந்திறங்கிய மாணவர்களைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. அடிபட்டவர்களில் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் ஒருவர். கறுப்பினத்தவர் நுழைந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருப்பது வெளியிலிருந்தே தெரிகிறது. சம உரிமைப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்காக மாயா லின் வடிவமைத்த கருங்கல் நினைவிடத்தில் தண்ணீர் ஓடும் பெயர்களைத் தொட்டுவிட்டு அறைக்கு வந்தோம்.

சனிக்கிழமை

லெகசி மியூசியத்தில் படம் எடுக்கக் கூடாது. நல்ல விதி. எடுத்திருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞரின் சம நீதி அமைப்பு 2018இல் தொடங்கி, 2021இல் இப்போதைய பெரிய கட்டடத்துக்கு மாற்றியது. அடிமைகளைக் கொண்டு பஞ்சு வேலை நடந்த கிட்டங்கி இருந்த இடம். நுழைந்ததும் சுவரளவு திரையில் அட்லாண்டிக் அலை. அதைத் தாண்டினால் கடலடி மணலில் கழுத்துவரை புதைந்த தலைகள், கானா நாட்டுச் சிற்பி குவாமே அகோடோ-பாம்ஃபோ செய்தவை. இருட்டான கம்பிக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் போனால் ஓர் உருவம் தோன்றிப் பேசுகிறது, தன் பிள்ளைகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறது. அடிமைமுறை, கும்பல் கொலை, இனப் பிரிவினை, இன்றைய சிறை என்று ஒரே நூலாகக் கோத்திருக்கிறார்கள். கடைசிப் பகுதி வாதம் செய்கிறது, அருங்காட்சியகம் வாதம் செய்யலாமா என்று அக்கா மகன் கேட்டான். வியாழக்கிழமை பார்த்த டேவிஸ் வீடும் வாதம்தான் செய்தது, குரலை உயர்த்தாமல் செய்தது என்றேன்.

என்னை நிறுத்தியது மண். கும்பல் கொலை நடந்த இடங்களிலிருந்து குடும்பத்தாரும் ஊர்க்காரர்களும் எடுத்து வந்த மண்ணைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து, பெயரும் ஊரும் தேதியும் எழுதித் தரையிலிருந்து மேலே வரை அடுக்கியிருக்கிறார்கள். எண்ணூறுக்கும் மேல். செம்மண், மணல், வண்டல், சாம்பல் நிறம், அப்புறம் கரிசல். அலபாமாவின் நடுவே ஓடுகிற கரிசல் பட்டையில்தான் பருத்தித் தோட்டங்கள் நெருங்கியிருந்தன, அடிமைகளும் அங்கேதான் அதிகம். பிடித்துப் பார்க்காமலே சொல்வேன், மழையில் காலோடு ஒட்டுகிற மண் அது.

கும்பல் கொலைக்கு ஆளான கறுப்பினத்தவருக்காக இதே அமைப்பு எழுப்பிய நினைவிடம் ஊருக்குள் ஒரு குன்றின் மேல். துருவேறிய நிறத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள், கும்பல் கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) ஒன்று. 1877க்கும் 1950க்கும் இடையில் கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்டவர்கள். முதலில் நம் கண்மட்டத்தில் நின்று பெயர்களைப் படிக்க வைக்கின்றன. நடக்க நடக்கத் தரை கீழிறங்குகிறது, பெட்டிகள் தலைக்கு மேல் போய்த் தொங்குகின்றன. அண்ணாந்து பார்க்கிற நிலைக்கு வந்துவிடுகிறோம், அன்றைய கூட்டம் பார்த்த மாதிரியே.

அந்த இடத்துச் சுவர்களில் சில கொலைகளின் காரணங்கள் எழுதியிருக்கின்றன. 1933இல் எலிசபெத் லாரன்ஸ், தன்மேல் கல்லெறிந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கண்டித்ததற்காக. 1940இல், இங்கிருந்து தெற்கே லுவெர்ன் என்ற ஊரில் ஜெஸ்ஸி தார்ன்டன், ஒரு காவலரின் பெயரை 'மிஸ்டர்' சேர்க்காமல் சொன்னதற்காக. அக்கா மகன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். "இதுக்கா மாமா?" என்றான். அவன் அட்லாண்டாவில் வளர்ந்தவன். தோளில் துண்டு போட்டதற்கும், செருப்போடு தெருவில் நடந்ததற்கும் அடி வாங்கியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அந்த வரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காரில் போகும்போது அவனுக்கு எங்கள் ஊர்க்கதை இரண்டு சொன்னேன். அதில் ஒன்றில் நம் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் ஆற்றோரச் சிற்பப் பூங்கா, அதே அமைப்பு 2024இல் திறந்தது. பதினேழு ஏக்கர். ஒரு பக்கம் அலபாமா ஆறு, இன்னொரு பக்கம் ரயில் பாதை. இரண்டு வழியாகவும்தான் மனிதர்களைக் கொண்டுவந்தார்கள். பருத்தித் தோட்டத்திலிருந்து பெயர்த்து வைத்த அடிமைக் குடிசைகள் இங்கே நிற்கின்றன. பலகைச் சுவர், ஒற்றை அறை, கணப்பு. முன்கட்டைப் பெயர்த்து வந்தவர்களைப் பார்த்தாயிற்று, பின்கட்டைப் பெயர்த்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பூங்காவின் முடிவில் 43 அடி உயரத்தில், விரித்து நிறுத்திய புத்தக வடிவில் ஒரு சுவர். அதில் 1,22,000 குடும்பப் பெயர்கள். விடுதலையான மக்கள் எல்லோரும் முதன்முறையாகப் பெயரோடு பதிவான 1870 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தவை. ஒரு குடும்பம் சுவர் முன்னால் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் பாட்டியை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே படம் எடுக்கலாம். நாலைந்து எடுத்துக் கொடுத்தேன், ஒன்றில் பாட்டி கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடி நிற்க வைத்தார்கள்.

ஹாங்க் வில்லியம்ஸ் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டோம். 1953 புத்தாண்டு அன்று இருபத்தொன்பது வயதில் அவர் இறந்துகிடந்த வெளிர்நீல காடிலாக் கார் அங்கே இருக்கிறது, நாட்டுப்புறப் பாட்டுப் பிரியர்கள் போகலாம். செல்மா இங்கிருந்து மேற்கே ஐம்பது மைல், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள், செவ்வாயில் பல இடங்கள் பூட்டியிருக்கும், வியாழன் முதல் சனி வரை வசதி. கிங் வீட்டில் உள்ளே போக வழிகாட்டியோடு சேர்ந்துதான் போக வேண்டும், முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. லெகசி மியூசியம், நினைவிடம், சிற்பப் பூங்கா மூன்றுக்கும் சேர்த்து ஐந்து டாலர்தான், இடையில் அவர்களே வண்டி விடுகிறார்கள். மியூசியத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால் பெரியவர்களில் ஒருவர் முதலில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் அவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.